அங்காரக லோகத்து வீரருக்குப் பேர் வைத்த வரலாறு

தூத்துக்குடி உலகத்துக்கு முத்துக் கொடுத்தது, சங்கு கொடுத்தது, உப்புக் கொடுத்தது என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் வேற்றுக் கிரகத்து வீரர் ஒருவருக்கு முறைப்படி சபை கூட்டி, தீர்மானம் போட்டு, பேர் வைத்த ஒரே ஊர் இந்தப் பூமண்டலத்தில் தூத்துக்குடிதான் என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. லண்டன்காரன் வைக்கவில்லை. ஜெர்மன்காரன் வைக்கவில்லை. பக்கத்திலிருக்கும் திருநெல்வேலியோ, அல்வாவைத் தாண்டி ஒன்றையும் யோசித்ததில்லை.

அந்தச் சபையின் காரியதரிசி என்ற முறையில் உண்மையை உலகுக்கு அறிவிக்கும் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது. என் பேர் வெள்ளத்துரை. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. பூர்வீகம் தாமிரவருணிக் கரையில் நெல் விளைகிற ஒரு கிராமம். என் பேரை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதற்குக் காரணம், வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவர் "குடும்பத் தலைவர் பேர் என்னம்மா?" என்று கேட்டபோது, என் மனைவி அருணாசலவடிவு முதலில் வெள்ளையடித்த சுவரைக் காட்டினாள். பிறகு காலண்டரில் தொப்பியோடு நின்ற துரையைக் காட்டினாள். அவரும் அசராமல் 'வெள்ளத்துரை' என்று எழுதிக்கொண்டு போனார். பெண்சாதி புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துச் சாஸ்திரம். அது நிற்க.

யுத்தம் முடிந்த மறுவருஷம், தை பிறந்த கையோடு, பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டைக்குப் போகிற ரோட்டோரத்தில் மந்திரமூர்த்தி வாத்தியாரின் நாடகக் கம்பெனி தகரக் கொட்டகை போட்டது. அதுவரை முருகனையும் அனுமாரையும் நம்பிப் பிழைத்தவர் வாத்தியார். யுத்தத்தில் ராக்கெட்டு என்று ஒரு சாமான் பறந்ததைப் பத்திரிகையில் படித்ததும் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. முருகனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, 'அங்காரக லோக அதிசயம்' என்ற முழுநீள 'சயன்ஸ் நாடகம்' எழுதினார். அங்காரக லோகம் என்றால் செவ்வாய்க் கிரகம். அங்கிருந்து ஒரு மகாவீரர் ராக்கெட்டில் பூமிக்கு வந்து அக்கிரமங்களை ஒழிக்கிறார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு பாகம். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் வீரர் பாதாளத்தில் விழுவார். அடுத்த சனிக்கிழமை போனால், விழவில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது.

ராக்கெட்டு, பனந்தடியைக் குடைந்து தகரம் சுற்றியது. செவ்வாயின் மண் சிவப்பு என்று சயன்ஸ் சொல்வதால், உடன்குடித் தேரி மணல்மேட்டிலிருந்து செம்மண் இரண்டு வண்டி வந்து மேடையில் இறங்கியது. இனாமாகக் கொடுத்தவர் நயினார் அண்ணாச்சி. உடன்குடிக்காரர், கருப்பட்டி மொத்த வியாபாரி, எங்கள் சபையின் தலைவர்.

இனி வீரரின் தலைக்கு வருவோம். கப்பலின் அடிப்பாகத்தைச் சோதிக்கத் தண்ணீருக்குள் இறங்குகிற ஆள் மாட்டிக்கொள்வானே, பெரிய பித்தளைக் கவசம், அதில் ஒன்று ஹார்பர் ஏலத்தில் வாத்தியாருக்குக் கிடைத்தது. முத்துக் குளிக்கிற நம் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்துவிடுவார்கள். இது துரைத்தனத்துச் சாமான். கனமும் துரைத்தனத்துக் கனம். அதை மாட்டிக்கொண்ட முதல் நடிகர் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது நடிகர் படுத்துவிட்டார். மூன்றாவதாக வாத்தியார் எங்கிருந்தோ ஒரு கழுத்தைப் பிடித்து வந்தார். அந்தக் கழுத்து அசையவில்லை.

அது யாருடைய கழுத்து என்று வாத்தியார் மூச்சு விடவில்லை. வீரர் கவசத்தோடு வருவார், கவசத்தோடு போவார். மூச்சு விட வசதியாக முன் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கறுப்பு வலை கட்டியிருந்தது. அவர் பேச வேண்டியதையெல்லாம் வாத்தியாரே படுதாவுக்குப் பின்னால் நின்று தகரக் குழாயில் பேசிவிடுவார். அதில் ஒரு வசனம் ஊரையே உலுக்கியது.

"எங்கள் லோகத்தில் மேலத்தெரு கிடையாது! கீழத்தெரு கிடையாது! ஒரே தெரு!"

இதற்கு நாற்காலிக்காரர்கள் கைதட்டுவார்கள். பெஞ்சுக்காரர்கள் விசிலடிப்பார்கள். தரை டிக்கெட்டுக்காரர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்பார்கள். தரைக்கும் பின்னால் ஓலைத் தட்டி கட்டி, அதற்கு அப்பால் உட்கார வைக்கப்பட்டிருந்த தெருக்காரர்களுக்கு வசனம் சரியாகக் கேட்காது. ஆனாலும் சமத்துவம் என்பது காதால் கேட்கிற விஷயமா? மனசால் உணர்கிற விஷயம் அல்லவா?

இவ்வளவும் இருந்து வீரருக்குப் பேர் மட்டும் இல்லை. நாடகத்தில் எல்லோரும் "ஓ மகாவீரரே!" என்றே கூப்பிட்டார்கள். நோட்டீஸில் 'மகாவீரர்' என்பதற்கு எதிரே மூன்று கேள்விக்குறி. சாமி கும்பிடப் பேர் வேண்டும், திட்டப் பேர் வேண்டும், வாழ்க என்று கத்தவும் பேர் வேண்டும். "பேரை ரசிகப் பெருமக்களே வைக்கலாம்" என்று வாத்தியார் அறிவித்தார். அன்றைக்கே உதயமானது எங்கள் 'மகாவீரர் பெயர் சூட்டு ரசிக மகாசபை'.

சபை நயினார் அண்ணாச்சி கருப்பட்டி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் கூடியது. எறும்புகளைக் கணக்கில் சேர்த்தால் ஆஜர் ஆயிரத்துக்கு மேல். முக்கியஸ்தர்கள் மூவர்: தலைவர் அண்ணாச்சி, காரியதரிசி நான், உபதலைவர் விக்டர். விக்டர் மணப்பாட்டுக்காரர், துறைமுக ஆபீஸில் டைப்பிஸ்ட், வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர்.

"சயன்ஸுக்குச் சாதியில்ல, மதமில்ல, ஊருமில்ல" என்று அண்ணாச்சி கூட்டத்தைத் தொடங்கிவைத்தார். "அத மனசுல வச்சுக்கிட்டுப் பேசணும். அவரு நிக்கது எங்க தேரி மண்ணு. பறக்கது எங்க பனந்தடி. அதனால அவரு எங்க ஆளு. எங்க பக்கத்துப் பேருதான் வைக்கணும்."

"அப்படிச் சொல்லாதிய அண்ணாச்சி" என்றேன் நான். "அவர் நிக்கிற நிதானத்தைப் பாருங்க. சுத்தி நாலு பேரு வாளை வீசுதான், அவர் கண்டுக்கிடவே இல்ல. அது ஆத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த உடம்பு. எங்க சித்தப்பா ஒருத்தர் அச்சு அசல் அப்படித்தான் நிப்பாரு."

விக்டர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். "இத்தன வாரமாச்சு, அவரு ஒரு தடவயாவது கையெடுத்துக் கும்பிட்டிருக்காரா? இல்லல்லா? அப்ப அவரு யாரு? வேதக்காரர்! எங்க மாதா கோயில் ஆளு!"

"அந்தக் கனத்தோட கையத் தூக்குனா அவரு குப்புற விழுந்திருவாருவே" என்றார் அண்ணாச்சி.

"ராக்கெட்டுங்கது என்னது? ஆகாசக் கப்பல். கப்பல்னா கேப்டன் உண்டு. 'கேப்டன்' இல்லாத பேருக்கு எங்க துறைமுக ஆபீஸ் ஆதரவு கிடையாது" என்றார் விக்டர்.

வாதம் ஐந்து கூட்டம் நடந்தது. சபையில் இரண்டு மண்டை உடைந்தது, மூன்று சம்பந்தம் முறிந்தது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அபிப்பிராய பேதமே இல்லை. கவசத்துக்குள் இருப்பவர் யாராக இருந்தாலும் பெரிய இடத்துப் பிள்ளை. அந்தக் கறுப்பு வலைக்குப் பின்னால் எங்களில் ஒவ்வொருவருக்கும் அவரவர் சித்தப்பாவின் முகம் தெரிந்தது.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு சின்ன இடைஞ்சல். கிட்டங்கிக்கு மூட்டை இறக்குகிற மொட்டை என்பவன், ஹார்பரிலும் உப்பு மூட்டை சுமக்கிறவன், ஐம்பது வயதிருக்கும், தலையில் முடியே இல்லாததால் ஊரெல்லாம் அவனுக்கு அந்தப் பேர், இறக்கிய மூட்டையின் பக்கத்திலேயே நின்று எங்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டதோடு விடாமல் வாயையும் திறந்தான்.

"முதலாளி, அவருக்கும் ஒரு பேரு இருக்கும்லா? அவரையே கேட்டா என்ன?"

சபை சிரித்த சிரிப்பில் எறும்புகள் கலைந்தன.

"ஏலே மொட்ட, பெரிய மனுசங்க பேசுத எடத்துல ஒனக்கு என்னலே சோலி?" என்றார் அண்ணாச்சி. "மூட்டைய அங்கன அடுக்கிட்டு வெளிய நில்லு."

அவன் வெளியே நின்றான். டீ வந்தபோது அவனுக்கும் கொடுத்தோம், சிரட்டையில். ஒரே தெரு என்று முழங்குகிற சபையில் ஒருவனை மட்டும் விட்டுவிட்டுக் குடிக்க எங்களுக்கு மனசு வருமா?

இதற்கு நேர்மாறாக, வீரரிடம் நாங்கள் காட்டிய மரியாதையைச் சொன்னால் கண்ணீர் வரும். நாடகம் முடிந்ததும் படுதாவுக்குப் பின்னால் போவோம். கவசம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சி சாப்ட்டாச்சா? கழுத்து வலிக்கோ?" என்று கேட்பார். நயினார் அண்ணாச்சி வாயால் இன்னொருவரை 'அண்ணாச்சி' என்றது உடன்குடி சரித்திரத்தில் கிடையாது. கவசம் மெல்ல ஆடும். இவர் கையைப் பிடித்துப் படியிறக்கி விடுவார். ஒருநாள் தம் வீட்டு வெள்ளி டம்ளரில் பால் கொண்டுவந்து நீட்டினார். கவசம் இரண்டு கையாலும் அதை வாங்கி, வெகுநேரம் பார்த்துவிட்டு, குடிக்காமலே திருப்பிக் கொடுத்தது. "என்ன அடக்கம்! பெரிய இடத்து வளர்ப்புன்னா அதுல்லா!" என்று அண்ணாச்சி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஐந்தாவது கூட்டமும் அடிதடியில் முடிந்த மறுநாள் சாயங்காலம், நான் கொட்டகை வாசலில் பனங்கிழங்கு தின்றுகொண்டு நின்றேன். விற்றவள் ஆறுமுகத்தாய் என்கிற அம்மாள். நாடகம் தொடங்கிய நாளிலிருந்து அங்கேதான் கடை. டிக்கெட் வாங்கி உள்ளே போனதில்லை. ஆனால் வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம். வாய்க்குள் கிழங்கும் மனசுக்குள் சபையின் எதிர்காலமும் சிக்கிக்கொண்டிருந்த அந்த வேளையில், "என்னதான் பேர் வைக்கது இவருக்கு?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"நான் ஒண்ணு சொல்லலாமா அய்யா?" என்றாள்.

"சொல்லு."

"தேரிக்காட்டுல ஒரு சாமி இருக்காருல்லா? பங்குனி உத்திரத்துக்கு வண்டி கட்டிக்கிட்டுப் போவாகளே?"

"அங்க ஏகப்பட்ட சாமி உண்டே. எந்தச் சாமி?"

"கைலாசத்துல இருக்காருல்லா, அவரப் போயி ஒண்டிக்கிட்டவரு. பெரிய ஆளு."

"சாஸ்தாவா?"

"இல்லய்யா."

"பேரைச் சொல்லேன் ஏளா, எதுக்குச் சுத்தி வளைக்க?"

"நீங்கதான் படிச்சவுக. நீங்களே சொல்லுங்க."

நெற்றியைச் சுருக்கினேன். என் கல்வி கேள்வி முழுவதையும் திரட்டினேன். "சிவனணைந்தபெருமாள்!"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். முகமெல்லாம் சிவந்துபோனது. என் புத்திக்கூர்மையை நேரில் பார்த்ததால் ஏற்பட்ட பரவசம் என்று நான் புரிந்துகொண்டேன். கிழங்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தாள். ஒரு பெண்பிள்ளை ஒரு பேரை மட்டும் வாயால் சொல்லாமல் ஏன் இப்படி ஊரைச் சுற்றினாள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. நான்தான் ஒரு பேரைக் கண்டுபிடித்துவிட்டேனே!

ஆறாவது கூட்டத்தில் 'என்' கண்டுபிடிப்பைச் சமர்ப்பித்தேன். அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். அது அவருடைய குலதெய்வம். "இத்தன நாளு என் நாக்குல வராமப் போச்சே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் சித்தப்பாவின் பேரும் அதுதான் என்பதால் ஆற்றங்கரைக்கும் திருப்தி. விக்டர் மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு 'கேப்டன்' போட்டதும் அவரும் மலர்ந்தார். கேப்டன் சிவனணைந்தபெருமாள்! சயன்ஸும் பக்தியும் துறைமுகமும் இப்படிக் கட்டித் தழுவிக்கொண்ட இன்னொரு பேர் உலகத்தில் இருந்தால் காட்டுங்கள்.

பெயர் சூட்டு விழா பங்குனியில் ஒரு சனிக்கிழமை. கொட்டகை கொள்ளவில்லை. நாதசுரம் உண்டு, ரோஜா மாலை உண்டு, சரிகைச் சால்வை உண்டு. பாதாளத்தில் விழ வேண்டிய கட்டத்தில் வீரரை நிறுத்தி, சபையார் மேடையேறினோம். அண்ணாச்சி தம் கையாலேயே சால்வையைப் போர்த்தி, வீரரின் தோளில் கையை வைத்துக்கொண்டு முழங்கினார்.

"இன்று முதல் நமது மகாவீரர், கேப்டன் சிவனணைந்தபெருமாள் என்று அழைக்கப்படுவார்!"

"சிவனணைந்தபெருமாள் வாழ்க!" என்று கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

கவசம் திடுக்கிட்டது. எத்தனை வாள் வீசியும் அசையாத அந்தக் கழுத்து அசைந்தது.

"சிவனணைந்தபெருமாள் வாழ்க! வாழ்க!"

வீரரின் கை மேலே போனது. கும்பிடப் போகிறார் என்று நான் விக்டரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் கும்பிடவில்லை. கவசத்தைக் கழற்றினார்.

உள்ளே வியர்வையில் நனைந்த ஒரு மொட்டைத் தலை இருந்தது. அது அழுதுகொண்டிருந்தது.

"அய்யாமாரே, எம்பேர ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டது அந்தத் தலை. "எனக்கு இந்த மரியாத செய்யணும்னு ஒங்களுக்கெல்லாம் எப்படித் தோணிச்சு? எங்க தெருவத் தாண்டி ஒரு வாயில எம்பேரக் கேக்கது இதுதான் முதத்தடவ."

பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, இது நம்ம ஹார்பர் மொட்டைல்லா!"

சுடுசட்டியைத் தொட்டவர் மாதிரி அண்ணாச்சி தோளிலிருந்து கையை எடுத்தார்.

"ஏலே, ஒம்பேரு மொட்டைல்லா?"

"அது நீங்க வச்சது முதலாளி. எம்பேரு சிவனணைந்தபெருமாளு."

"எங்க சாமி பேர ஒனக்கு எவன்லே வச்சான்?"

"எங்க அய்யா வச்சாரு. கோயில் வாசல்ல கால் வைக்கப்படாதுன்னாக. எட்ட நின்னே கும்பிட்டாரு. நாமதான் சாமிகிட்டப் போக முடியல, சாமி பேராவது நம்ம வீட்டுக்கு வரட்டும்னு வச்சாரு."

ஓலைத் தட்டிக்கு அப்பாலிருந்து மட்டும் "வாழ்க!" என்று ஒரு குரல் வந்தது. விக்டர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "அமைதி! அமைதி!" என்று அதட்டினார்.

படுதாவுக்குப் பின்னால் அவசரக் கூட்டம் கூடியது. நெருக்கடியான நேரத்தில்தான் ஒரு சபையின் பெருந்தன்மை தெரியும். பேரை மாற்றிவிடலாம் என்றால், ஊரே மூன்று முறை கத்திவிட்டது, நோட்டீஸும் அச்சாகிவிட்டது. ஆளை மாற்றிவிடலாம் என்றால், வேறு கழுத்து இல்லை. "கழுத்துல என்னய்யா இருக்கு?" என்று விக்டர் கவசத்தை எடுத்துத் தம் தலையில் கவிழ்த்துக்கொண்டார். நல்லெண்ணெய் ஊற்றித்தான் அவரை வெளியே எடுத்தோம். உள்ளே அவர் மாதாவைக் கூப்பிட்டது வெளியே நாதசுரம் மாதிரிக் கேட்டது.

வாத்தியார் கையைப் பிசைந்தார். "கழுத்த மட்டும்தான் பாத்தேன் அண்ணாச்சி, பேரக் கேக்கலயே."

கடைசியில் ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. காரியதரிசி என்ற முறையில் நானே அதை அவனிடம், அதாவது அவரிடம், எதுவென்று அந்த நேரத்தில் முடிவாகவில்லை, வாசித்துக் காட்டினேன்.

"கவசத்துக்குள் இருக்கும்வரை தாங்கள் கேப்டன் சிவனணைந்தபெருமாள் அவர்கள். கவசத்துக்கு வெளியே நீ மொட்டை. மேடையில் இனிமேல் கவசத்தைக் கழற்றக் கூடாது. வெளியில் அந்தப் பேரைச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. பொதுமக்கள் மனசில் குழப்பம் வரும்."

இதைவிட நியாயமான தீர்மானம் ஒரு மனிதனுக்குக் கிடைக்குமா? அரை ஆளாகவாவது பெரிய மனிதனாக இருக்கலாமே! ஆனால் நன்றி என்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவர் சால்வையை ஒழுங்காக மடித்தார். மடித்துக் கவசத்துக்குள் வைத்தார்.

"அய்யா, இந்தப் பித்தளைக்கு வேணும்னா அந்தப் பேர வச்சுக்கிடுங்க" என்றார். "எனக்கு ஏற்கனவே வச்சாச்சு."

சொல்லிவிட்டுப் போனார். வழக்கமாகப் போகிற பின்வழியாக அல்ல. மேடையிலிருந்து நேராக இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே, முன்வாசல் வழியாக. எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையா, தீட்டா என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் காலையில் நயினார் அண்ணாச்சி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்ததாகக் கேள்வி. தோளில் வைத்த கையையும், இத்தனை வாரம் பிடித்துப் படியிறக்கிய கையையும் சேர்த்துக் கழுவ வேண்டியிருந்ததல்லவா?

நாடகம் நிற்கவில்லை. தூத்துக்குடி ரசிகனைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அடுத்த சனிக்கிழமை தேரி மண்ணின் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் கவசத்தை வைத்து, சால்வையைச் சுற்றி, மாலை போட்டுவிட்டார் வாத்தியார். மற்ற நடிகர்கள் அதைச் சுற்றி வந்து சண்டை போட்டார்கள். குழாயில் வாத்தியார் குரல் கொடுத்தார். "எங்கள் லோகத்தில் மேலத்தெரு கிடையாது! கீழத்தெரு கிடையாது!" அன்றைக்குப் போல் என்றைக்கும் கைதட்டல் விழுந்ததில்லை. "கேப்டன் சிவனணைந்தபெருமாள் வாழ்க!" என்று தகரம் பிய்ந்துபோகக் கத்தினோம். உள்ளே யாரும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்ததில் தொண்டைக்கு ஒரு சுதந்திரம் வந்திருந்தது. நயினார் அண்ணாச்சி முன்வரிசையிலிருந்து எழுந்து காலிக் கவசத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெளியே வந்தேன். ஆறுமுகத்தாய் கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மிச்சக் கிழங்கைச் சாக்கில் போட்டு முடிந்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த அம்மாளால்தானே ஒரு மகாசபைக்கு இவ்வளவு தலைகுனிவு! அந்த வாரமெல்லாம் எனக்கு விளங்கிக்கொண்டு வந்திருந்தது: சுண்ணாம்புச் சுவரும் காலண்டர் துரையும் கைலாசத்தில் ஒண்டிக்கொண்ட பெரிய ஆளும் ஒரே ஜாதிப் பதில்கள்தான்.

"ஏளா, மொட்டை ஒன் வீட்டுக்காரனா?"

"ஆமா."

"அவன் பேருதான் அதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? எங்கள இப்படிச் சந்தி சிரிக்க வச்சிட்டியே!"

அவள் சாக்கை இறுக்கி முடிந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் எப்படிய்யா சொல்லுவேன்? நான் அவுக பொஞ்சாதி. தாலி கட்டுன நாள்ல இருந்து அந்தப் பேர நான் வாயால சொன்னதில்ல. அடுத்தவுக வாயில ஒரு தடவ கேட்டுறணும்னுதான் ஒங்ககிட்ட வந்து அவ்வளவு சுத்துனேன். நீங்க சொன்னிய. காது குளுந்துபோச்சு." தலையில் சாக்கை ஏற்றிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு கேக்கேன் அய்யா. நான் சொல்லப்படாது, முறையிருக்கு. இந்த ஊருல ஹார்பர் மேஸ்திரி சொல்ல மாட்டேங்காரு, கிட்டங்கி முதலாளி சொல்ல மாட்டேங்காரு, நீங்க சொல்ல மாட்டேங்கிய. நீங்க அத்தன பேரும் அவுகளுக்கு என்ன முறை?"

கேட்டுவிட்டு இருட்டில் நடந்தாள்.

ஆகவே, சபையின் காரியதரிசியாகிய நான் இதனால் உலகத்தாருக்கு அறிவிப்பது என்னவென்றால்: எங்கள் பக்கத்துச் சாஸ்திரப்படி, நயினார் அண்ணாச்சியும் விக்டரும் நானும், நாற்காலி, பெஞ்சு, தரை டிக்கெட்டு உட்பட இந்தத் தூத்துக்குடி முழுவதும் சிவனணைந்தபெருமாள் அவர்களின் தர்மபத்தினிமார் ஆகிறோம். ஆறுமுகத்தாய்க்கும் எங்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அவள் அந்தப் பேரைச் சொல்லாமல் ஒரு மனுஷனோடு குடித்தனம் செய்கிறாள். நாங்கள் அதே பேரை வாய் கிழியக் கத்துகிறோம், ஒரு காலிப் பித்தளைப் பானையைப் பார்த்து.